மடைக்கல்லுக்கு இருபது காலடி

ஏழரைக்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் நெடுங்கரைக்காரர்கள். பக்கத்து ஊர்க்காரன் பேச்சை வைத்து ஓர் ஊரை எடை போடக்கூடாது. நான் இரண்டு ஊரிலும் கை நனைத்தவன், அதனால் நடுநிலையாகச் சொல்கிறேன். ஏழரைக்குளத்துக்காரர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். அதில் ஏதாவது கேடு வந்தால், சொன்னவன் சரியாகச் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு கண்மாய். கண்மாய்க்கு ஒரே மடை. மடையின் வாயை உருண்டையான ஒரு கல் அடைத்துக்கொண்டிருக்கும். அதற்கு மடைக்கல் என்று பெயர். கல்லை எடுத்தால் தண்ணீர் வரும், திரும்ப வைத்தால் நிற்கும். மடைக்குக் கீழே வாய்க்கால் இரண்டாகப் பிரிகிறது. எந்த ஊர் முறையோ அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டு, மற்றப் பக்கத்தைப் பனம்பலகையால் அடைத்துவிடுவார்கள்.

முதல் முறை யாருக்கு என்பதை ஓடித்தான் முடிவு செய்வார்கள். கார்த்திகை முதல் திங்கட்கிழமை காலையில், பஸ் நிற்கிற பூவரச மரத்தடியிலிருந்து ஊருக்கு ஒருவர் ஓட வேண்டும். அங்கிருந்து மடை நாலாயிரம் காலடி. மடைக்கல்லை முதலில் தொட்டவரின் ஊருக்கு முதல் எட்டு நாள் தண்ணீர். அடுத்த ஊருக்கு மிச்சம். போன இரண்டு வருஷமாக ஏழரைக்குளத்துக்குக் கிடைத்த மிச்சம், கணுக்கால் அளவு சேறும் அதில் கொஞ்சம் தவளையும்.

ஓடுகிற ஆள் தெரு முறைப்படி மாறும். இந்த வருஷம் முறை வெயிலுமுத்துவுக்கு வந்தது. வெயிலுமுத்து மாவு மில் வைத்திருப்பவன். முப்பத்தொன்பது வயசு. பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு ஒருமுறை ஓடிவந்திருக்கிறான், அதற்குப் பிறகு ஓட அவசியம் ஏற்படவில்லை. ஆனால் இந்தத் தண்ணீர் அவனுக்கு உயிர். ஒரு ஏக்கர் நிலத்துக்கு நாற்றுப் பாவியிருந்தான். அந்த நாற்றுக்கு அவன் மனைவி சீனியம்மாள் கைப்பம்பிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக நடவு இல்லை. இந்த வருஷமும் நடாவிட்டால் நிலத்தைத் தரிசாகவே போட்டுவிடுவது என்று புருஷனும் பெண்சாதியும் பேசி வைத்திருந்தார்கள். பேசி வைத்தார்களே தவிர, அதை நினைத்தால் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. சீனியம்மாள் பிறந்த ஊர் நெடுங்கரை. இரண்டு வருஷமும் ஜெயித்தவன் அவளுடைய சொந்த அண்ணன் கருத்தபாண்டி. நெடுங்கரையில் ஓட்டத்துக்குத் தெரு முறை கிடையாது. ஓடத் தெரிந்தவனை ஓடவிடுவார்கள், அவ்வளவு ஒழுங்குகெட்ட ஊர் அது. கைப்பம்படியில் குடத்தோடு நிற்கும்போது யாராவது ஒருத்தி, "உங்க அண்ணன் நல்லா ஓடுறாருடி" என்பாள். சீனியம்மாள் பம்பை இன்னும் வேகமாக அடிப்பாள்.

வெயிலுமுத்துவைத் தயார் செய்ய ஓட்டக் கமிட்டி ஒன்று கூடியது. தலைவர் குருவையா, உறுப்பினர்கள் சன்னாசியும் இருளப்பனும். இருளப்பனிடம் ஒரு டயர் வண்டியும் இரண்டு மாடும் உண்டு. சன்னாசியிடம் ஒரு துண்டு உண்டு. குருவையாவிடம் தலைமைப் பண்பு இருந்தது.

"கருத்தபாண்டி ஒரு மாசமா ஓடுறான். நமக்கு இருக்கிறது பதினஞ்சு நாள்" என்றார் குருவையா.

"அப்ப ஒரு நாளைக்கு ரெண்டு நாள் ஓட்டம் ஓடணும்ணே" என்றான் இருளப்பன்.

கணக்கு சரியாக இருந்ததால் யாரும் மறுக்கவில்லை. போட்டி காலை வெயிலில் நடக்கும், ஆகவே உச்சி வெயிலில் பழகினால் காலை வெயில் உறைக்காது என்று நேரமும் குறித்தார்கள். புதிதாக வாங்கிய கேன்வாஸ் ஷூ இரண்டு அளவு பெரிசு. கால் உள்ளேயும் கொஞ்சம் ஓடிக்கொள்ளட்டும் என்று கமிட்டியே பார்த்து வாங்கியது.

முதல் நாள் தார் ரோட்டில் நாலாயிரம் காலடி போய், நாலாயிரம் காலடி வந்தான். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் திரும்பி வரும்போது ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டான். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், முன்பக்க எலும்பு ஓரமாக, விண் விண்ணென்று தெறித்தது. இரண்டு காலிலும் ஒரே இடத்தில் வலி.

கமிட்டி சுற்றி நின்று காலைப் பார்த்தது.

"ஓடும்போது வலிக்குதா, நிக்கும்போது வலிக்குதா?" என்று குருவையா கேட்டார்.

"ஓடும்போதும் வலிக்குது, நின்னாலும் வலிக்குதுண்ணே."

"அப்ப ஓடிக்கிட்டே இரு மாப்ள. எப்படியும் வலிக்கத்தான் போகுது, தூரமாவது குறையுமில்ல."

இதில் ஒரு நியாயம் இருந்ததால் இன்னும் இரண்டு நாள் ஓடினான். ஆறாம் நாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கக் காலை ஊன்றினான், 'அம்மாடி' என்று திரும்பக் கட்டிலிலேயே விழுந்தான். சீனியம்மாள் வந்து எலும்பு ஓரமாக விரலால் அழுத்திப் பார்த்தாள். வெயிலுமுத்துவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போங்க. இந்த மூணு பேரு வைத்தியத்தைக் கேட்டா அடுத்த வாரம் தூக்கிட்டுத்தான் போகணும்" என்றாள் அவள்.

டயர் வண்டியில் போனார்கள். டாக்டரம்மா நல்ல பொறுமைசாலி. காலை அழுத்திப் பார்த்தார், ஷூவைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார், எவ்வளவு ஓடினான் என்று கேட்டார். கேட்டுவிட்டு ஷூவைக் கீழே வைத்தார்.

"பழக்கமில்லாத காலை வச்சு எடுத்த எடுப்புல இவ்வளவு ஓடினா எலும்பு ஓரம் இப்படித்தான் நோகும். புதுசா ஓடுற நிறையப் பேருக்கு வர்றதுதான், பயப்படாதீங்க. நான் சொல்றபடி செஞ்சாச் சரியாயிடும்" என்றார்.

"நீங்க சொல்றபடியேதாம்மா செய்வோம்" என்றார் குருவையா. டாக்டரம்மா அப்போதே சுதாரித்திருக்கலாம். வெளியூர்க்காரர், தெரியவில்லை.

ஏழரைக்குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது பெரியவர்கள் நாலு விஷயம் சொன்னால், எல்லாரும் நாலையும் கேட்டுக் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஆளுக்கு ஒரு வாக்கியமாகப் பங்கு பிரித்து மனப்பாடம் செய்துகொள்வார்கள். அவரவர் வாக்கியத்துக்கு அவரவர் பொறுப்பு. அடுத்தவன் வாக்கியத்தில் மூக்கை நுழைப்பது அந்த ஊரில் பெரிய அவமரியாதை.

சன்னாசிக்குக் கிடைத்த வாக்கியம்: "ஒரு நாளைக்கு மூணு தடவை, பதினஞ்சு நிமிஷம், துணியில சுத்தி ஐஸ் வைங்க." இருளப்பனுக்கு: "காலுக்கு ஓய்வு குடுங்க, படுக்கும்போது இதயத்தை விட உயரமா வைங்க." குருவையா தலைவர் என்பதால் அவருக்கு இரண்டு: "தார் ரோட்டுல ஓடாதீங்க, மெத்துனு இருக்கிற இடத்துல ஓடுங்க." அப்புறம், "வலியில்லாம எவ்வளவு தூரம் ஓட முடியுதோ அவ்வளவுதான் ஓடணும், வாரத்துக்குப் பத்துல ஒரு பங்கு கூட்டுங்க." கிளம்பும்போது டாக்டரம்மா கடைசியாக ஒன்று சொன்னார்: "நடுவுல வலி வந்தாப் பிடிவாதம் பிடிக்காம திரும்ப முதல்லேருந்து ஆரம்பிங்க." அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாததால் வெயிலுமுத்துவே வைத்துக்கொண்டான்.

முதலில் சன்னாசி தன் வாக்கியத்தைத் தொடங்கினான். தினம் பதினோரு மணிக்கு ஹாரன் அடித்துக்கொண்டு ஐஸ் வண்டி வரும். மூன்று குச்சி ஐஸ் வாங்கினான். பால் ஐஸ், திராட்சை ஐஸ், சேமியா ஐஸ்.

"எதுக்குடா மூணு ருசி?" என்று இருளப்பன் கேட்டான்.

"மூணு தடவைன்னு சொன்னாக. எந்த ஐஸுன்னு சொல்லல. எதுல மருந்து இருக்கோ, நமக்கென்ன தெரியும்?"

இருளப்பன் உடனே மன்னிப்புக் கேட்டான். அடுத்தவன் வாக்கியம்.

பால் ஐஸைத் துண்டில் சுற்றிக் காலில் வைத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் ஐஸ் போய்க் குச்சி மட்டும் இருந்தது. மிச்சம் பத்து நிமிஷத்துக்குக் குச்சியையே அழுத்திப் பிடித்தான் சன்னாசி. திராட்சை ஐஸுக்கு எறும்பு வந்தது. சேமியா ஐஸுக்குத் தெரு நாய் வந்து, பதினைந்து நிமிஷம் சரியாக நக்கிவிட்டுப் போனது. அதில்தான் கொஞ்சம் சுகம் தெரிந்தது என்று வெயிலுமுத்து சொன்னான். மறுநாளிலிருந்து சன்னாசி ஐஸை நாய்க்குக் கொடுத்துவிட்டு, நாயைத் துண்டில் சுற்றி வைத்தான்.

அடுத்தது இருளப்பன். காலுக்கு ஓய்வு என்றால் காலுக்குத்தான், கைக்கு இல்லை என்பதில் அவன் தெளிவாக இருந்தான். வெயிலுமுத்துவை டயர் வண்டியில் நிற்கவைத்து, வண்டி ஓடும்போது கையை மட்டும் வீசச் சொன்னான். இரண்டு நாளில் தோள்பட்டையும் வலித்தது. பிறகு இதயத்தின் விவகாரம் வந்தது.

"இதயத்தை விட உயரமா வைக்கணும்னு சொன்னாக. யாரு இதயம்னு சொல்லலையே" என்றான் இருளப்பன்.

கமிட்டி கவலையோடு யோசித்தது.

"டாக்டரம்மா இதயமா இருக்குமோ?" என்றான் சன்னாசி.

"அவுக உக்காந்துக்கிட்டுல்ல சொன்னாக. உக்காந்த இதயமா, எந்திரிச்ச இதயமா?"

"எதுக்கு வம்பு. ஊர்ல எல்லாரு இதயத்துக்கும் மேல வச்சிருவோம். யாருதா இருந்தாலும் சரியாப் போகும்" என்று குருவையா தீர்ப்பு சொன்னார்.

வெயிலுமுத்துவை ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் மேலே ஏற்றிப் படுக்கவைத்தார்கள். கால் வலிக்காரன் நாற்பது இரும்புப் படி ஏறினான். அங்கே அவன் காலை நீட்டிப் படுத்ததும் இருளப்பன் கீழே நின்று ஊரைச் சுற்றிப் பார்த்தான். மாவு மில்லுக்கு எதிரே இருந்த உயரமான கம்பத்தின் உச்சியில் லைன்மேன் ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இறங்குங்க. உங்க இதயம் மேல இருக்கு" என்று கத்தினான்.

"என்னது மேல இருக்கு?"

"இதயம்ணே. ஒரு ஆளு காலை விட ஒசரமா இருக்கு."

லைன்மேன் முப்பது வருஷ சர்வீஸில் எத்தனையோ புகார் கேட்டவர். இப்படி ஒன்று கேட்டதில்லை. கீழே மூன்று பேரும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து, பாதி வேலையில் இறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் மில்லுக்குக் கரண்ட் இல்லை. ஊரே இட்லி மாவுக்குத் திண்டாடியது. வெயிலுமுத்து தொட்டியின் மேலே படுத்துக்கொண்டு, பூட்டிக் கிடந்த தன் மில்லையும் பக்கத்து வயலில் மஞ்சள் தட்டத் தொடங்கியிருந்த தன் நாற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அழுகை வந்தது. ஆனால் கால் சரியான உயரத்தில் இருந்தது.

போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது குருவையா தன் முதல் வாக்கியத்தை எடுத்தார். மெத்தென்று இருக்கிற இடம். ஏழரைக்குளம் கரிசலும் சுக்கான்கல்லும் கலந்த பூமி. நெருஞ்சி முள் கூட மெத்தென்று முளைக்காது. மெத்தென்று இருந்தது ஊரில் இரண்டே இரண்டுதான். ஒன்று குருவையா வீட்டுப் பஞ்சு மெத்தை, இன்னொன்று சீனியம்மாளுக்கு அப்பா வீட்டிலிருந்து சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தை.

இரண்டையும் ரோட்டில் வரிசையாக விரித்தார்கள். வெயிலுமுத்து முதல் மெத்தையில் நாலு காலடி ஓடி, இரண்டாவதில் நாலு காலடி ஓடி, அங்கேயே நிற்பான். கமிட்டி பின்னால் கிடக்கிற மெத்தையைச் சுருட்டி, முன்னால் கொண்டுபோய் விரிக்கும். மறுபடி நாலு காலடி. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தார்கள். ஒன்பது மணிக்கு பஸ் வந்தது.

"மெத்தையை எடுங்கய்யா" என்றார் கண்டக்டர்.

"ஓடிக்கிட்டு இருக்காருங்க" என்றார் குருவையா.

கண்டக்டர் பார்த்தார். வெயிலுமுத்து இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தான். டிரைவர் அதற்கு மேல் பொறுக்கவில்லை, சீனியம்மாளின் மெத்தை மேலேயே பஸ்ஸை ஏற்றிக்கொண்டு போனார். பஸ்ஸில் இருந்தவர்கள் மட்டும், அந்த ரோட்டில் இவ்வளவு சுகமாக என்றைக்கும் போனதில்லை என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் சீனியம்மாள் மெத்தையைப் பார்த்தாள். டயர் தடம் நடுவில் வகிடு எடுத்த மாதிரி இருந்தது.

"எங்கப்பா குடுத்த மெத்தை. இதுல எம்புள்ளைகளைக் கூட ஏறி விளையாட விட்டதில்ல" என்றாள்.

"தண்ணி வந்துட்டா எல்லாம் சரியாயிரும்" என்றான் வெயிலுமுத்து.

"வருமா?"

வெயிலுமுத்து பொய் சொல்லத் தெரியாதவன். தரையைப் பார்த்தான். அவள் மெத்தையைத் தட்டி மடித்து வைத்துவிட்டு, நாற்றுக்கு ஊற்றக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை. விடிந்தால் போட்டி. குருவையாவின் இரண்டாவது வாக்கியம் பாக்கி இருந்தது. வலியில்லாமல் எவ்வளவு தூரம் ஓட முடியுதோ அவ்வளவுதான் ஓட வேண்டும். பூவரச மரத்தடியில் வெயிலுமுத்துவை நிறுத்தி ஓடச் சொன்னார்கள். சன்னாசி பக்கத்தில் எண்ணிக்கொண்டே போனான். இருபதாவது காலடி வரை ஒன்றும் இல்லை. இருபத்தொன்றாவதில் வெயிலுமுத்து "ஸ்ஸ்" என்று காலைப் பிடித்தான்.

"இருபது" என்றார் குருவையா. "டாக்டரம்மா கணக்குப்படி மாப்ள ஓட வேண்டியது இருபது காலடி. கூட ஒண்ணு ஓடக்கூடாது."

"மடைக்கல்லு நாலாயிரம் காலடியில இருக்கேண்ணே" என்றான் சன்னாசி.

"இருக்கு."

மூன்று பேரும் மடை இருந்த திசையைப் பார்த்தார்கள். பிறகு வெயிலுமுத்துவின் காலைப் பார்த்தார்கள். ரொம்ப நேரம் பார்த்த பிறகு இருளப்பன் மெதுவாகச் சொன்னான்.

"காலு நகராது. கல்லு நகருமில்ல?"

குருவையா அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். இரண்டு தலைமுறையாக ஓடுகிற ஓட்டத்தில் இது ஒருவனுக்கும் தோன்றவில்லையே என்று மெச்சினார். ஓடுகிறவன் கல்லைத் தொட வேண்டும் என்றுதான் விதி. கல் எங்கே இருக்க வேண்டும் என்று யார் சொன்னார்கள்?

வெயிலுமுத்துவை ஓய்வு எடுக்க அனுப்பிவிட்டு, டயர் வண்டியில் கடப்பாரையோடு மடைக்குப் போனார்கள். கல்லை நெம்பி வெளியே எடுத்தார்கள். எடுத்ததுதான் தாமதம், கண்மாய்த் தண்ணீர் 'ஹோ'வென்று மடைக்குள் பாய்ந்தது. போன வருஷம் நெடுங்கரை முறைக்குப் போட்டு, மிச்சம் வெறும் சேறு என்பதால் யாரும் எடுக்காமல் விட்ட பனம்பலகை, ஏழரைக்குளத்து வாய்க்காலை அடைத்தபடியே இருந்தது. அத்தனை தண்ணீரும் நெடுங்கரை வாய்க்காலில் திரும்பியது.

"அண்ணே, தண்ணி போகுதே" என்றான் சன்னாசி.

குருவையா நின்று நிதானமாகப் பார்த்தார்.

"போகட்டும். அதுக்கு என்ன, காலா வலிக்குது? நம்ம வேலை கல்லு. அதைப் பாரு" என்றார்.

கல்லை வண்டியில் ஏற்றி, பூவரச மரத்திலிருந்து சன்னாசி இருபது காலடி எண்ணிய இடத்தில் இறக்கி, வழக்கப்படி குங்குமமும் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள்.

திங்கட்கிழமை காலை. தபால்காரர் இரண்டு ஊருக்கும் பொதுவான மனிதர் என்பதால் அவர்தான் நடுவர். கருத்தபாண்டி உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து நின்றான். நெடுங்கரையிலிருந்து வேறு ஓர் ஆளைக் காணோம். ஊரே விடியற்காலையிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் நின்று வரப்பை வெட்டிவிட்டுக்கொண்டிருந்தது. மடைக்கல்லைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று பாதிப் பேர் வாய்க்காலுக்குள் முங்கித் தேடிக்கொண்டிருந்தார்கள். ஓடுகிறவன் மனசைக் கலைக்கக்கூடாது என்று கருத்தபாண்டியிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

தபால்காரர் விசில் ஊதினார். கருத்தபாண்டி அம்பாகப் பாய்ந்தான். இருபதாவது காலடியில் குங்குமம் வைத்த ஒரு பெரிய கல்லைக் கண்டான். மடையில் இருக்கும்போது அதன் உச்சந்தலை மட்டும்தான் வெளியே தெரியும், முழு உடம்பை, அதை எடுத்து வைக்கிறவர்களைத் தவிர யாரும் பார்த்ததில்லை. இவர்கள் ஏதோ புதுச் சாமி கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, செருப்புக் காலோடு தொடக்கூடாது என்று விலகி, ஓடிக்கொண்டே கன்னத்தில் போட்டுக்கொண்டு போனான்.

வெயிலுமுத்து மெதுவாக இருபது காலடி ஓடினான். கல்லைத் தொட்டான். தொட்டதோடு அதன் மேல் உட்கார்ந்துகொண்டான்.

தபால்காரர் கல்லைச் சுற்றிவந்து பார்த்தார். முப்பது கடிதம் தப்பான விலாசத்துக்கு வந்த மாதிரி அவர் முகம் போயிற்று. ஆனாலும் விதி விதிதான். மடைக்கல்லை முதலில் தொட்டவர் வெயிலுமுத்து என்று அறிவித்தார். குருவையா மாலை போட்டார். சன்னாசி நாய்க்கும் ஒரு மாலை போட்டான்.

கொட்டு மேளத்தோடு ஊர் மடைக்குப் போனது. பாதி வழியில் கருத்தபாண்டி எதிரே வந்தான், இரண்டு காலையும் இழுத்து இழுத்து.

"மாப்ள, மடையில கல்லும் இல்ல, கண்மாயில தண்ணியும் இல்ல" என்றான். "எங்க ஊரு நாத்தெல்லாம் மிதக்குது. எங்க ஆளுக கத்துறது கேக்குது. போக நாலாயிரம், வர ரெண்டாயிரம், ஒரே மூச்சா ஓடி வர்றேன். இங்க, இந்த எலும்பு ஓரத்துல உசுரு போகுது."

"அங்கதான் மச்சான் எனக்கும்" என்றான் வெயிலுமுத்து. ஆனால் அவன் கண் கண்மாய்ப் பக்கம் போயிருந்தது. நடுக்குழியில் முழங்கால் அளவு தண்ணீர் பளபளத்தது. அதுவும் சுழித்துக்கொண்டு மடை வழியே இறங்கிக்கொண்டிருந்தது. மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்தான். ஜெயித்த மனிதன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

கமிட்டி ஆலோசனையில் இறங்கியது. முதல் எட்டு நாள் தண்ணீர் நமக்குத்தானே, அது எங்கே போயிருக்கும் என்று விவாதம் நடந்தது. போட்டி முடிவு அதற்குத் தெரியாமல் கிளம்பியிருக்கும் என்றான் இருளப்பன்.

சீனியம்மாள் விவாதத்துக்கு நிற்கவில்லை. வீட்டுக்குப் போனாள், டயர் தடம் பதிந்த மெத்தையைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணே, இப்படி வா" என்று கருத்தபாண்டியைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் சேற்றில் இறங்கி, மெத்தையைச் சுருட்டி மடையின் வாய்க்குள் திணித்து மிதித்தார்கள். இலவம்பஞ்சு தண்ணீரைக் குடித்து உப்பி, மடையை அடைத்துக்கொண்டது. பிறகு அவளே பனம்பலகையைப் பிடுங்கி நெடுங்கரைப் பக்கம் மாற்றி வைத்தாள். அண்ணனும் அதை மிதித்து இறுக்கினான். அவர்கள் ஊருக்குத் தண்ணீர் போதும் போதுமென்று ஆகியிருந்தது.

புதன்கிழமை மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. கண்மாய் முக்கால் நிறைந்தது, மெத்தை அசையவில்லை. மழை விட்ட மறுநாள் ஊர் கூடி மெத்தையின் ஒரு முனையை இழுத்து விலக்க, ஏழரைக்குளத்து வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. வெயிலுமுத்து தன் வயலில் இறங்கி நின்றான். கால் வலி எப்போது போனது என்று அவனுக்கே தெரியவில்லை. பக்கத்தில் சீனியம்மாள் நாற்று முடியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி அழுதாள். டாக்டரம்மா கைராசிக்காரர் என்று கமிட்டி ஒருமனதாகத் தீர்மானம் போட்டது.

மிச்சம் இருந்தது மடைக்கல்தான். எட்டு நாள் முறை முடிந்ததும் தபால்காரரையும் கூட்டிக்கொண்டு கருத்தபாண்டி வந்தான்.

"கல்லைத் திரும்பக் கொண்டுபோய் வச்சிருங்கய்யா. எத்தனை நாளைக்கு மெத்தையை நம்புறது?"

"வைக்கத்தான போறோம்" என்றார் குருவையா. "ஆனா ஒரேயடியாக் கூட்டக்கூடாது. வாரத்துக்குப் பத்துல ஒரு பங்குதான் கூட்டணும்னு உத்தரவு. இருபதுல பத்துல ஒண்ணு ரெண்டு. வாரத்துக்கு ரெண்டு காலடி நகத்துவோம்."

தபால்காரர் ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். போட்டுவிட்டு மறுபடியும் போட்டார்.

"மடைக்குப் போய்ச் சேர முப்பத்தெட்டு வருஷம் ஆகும்" என்றார்.

"அவசரப்பட்டா எலும்பு தாங்காதுங்க" என்றார் குருவையா.

அப்படியே செய்தார்கள். திங்கட்கிழமை தோறும் மூன்று பேரும் கல்லைத் தூக்கி இரண்டு காலடி முன்னால் வைத்தார்கள். வைப்பதற்கு முன் அதை நாலு பக்கமும் விரலால் அழுத்தி, "வலிக்குதா?" என்று கேட்பார்கள். கல் பேசாமல் இருக்கும். மழை, பண்டிகை எதற்கும் விடுப்பு இல்லை. பங்குனி மாசத்தில் கல் ஐம்பதாவது காலடியைத் தாண்டியபோது ஊரில் பொங்கல் வைத்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை கல்லை இறக்கும்போது சன்னாசியின் துண்டு வழுக்கி, கல் இருளப்பனின் கால் பெருவிரலில் உட்கார்ந்தது. அவன் போட்ட சத்தம் நெடுங்கரை வரை கேட்டது.

மற்ற இரண்டு பேரும் கல்லைப் புரட்டித் தள்ளினார்கள். சத்தம் கேட்டு மில்லிலிருந்து ஓடிவந்த வெயிலுமுத்துவுக்கு, ஐப்பசியிலிருந்து பத்திரமாக வைத்திருந்த தன் வாக்கியம் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"நடுவுல வலி வந்தாத் திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும்ணே" என்றான்.

குருவையா துண்டை உதறிச் சன்னாசியிடம் கொடுத்தார். அடுத்தவன் வாக்கியத்தை மீறுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அன்று மத்தியானமே கல்லைத் தூக்கிவந்து, பூவரச மரத்திலிருந்து சரியாக இருபதாவது காலடியில் வைத்துவிட்டு, தூக்கினதில் தங்கள் மூன்று பேர் காலும் நோகிறது என்று தண்ணீர்த் தொட்டி மேலே ஏறிப் படுத்துக்கொண்டார்கள்.